ஆறு எருமைகளும் நலம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அத்தான் காரியம் முடிந்து வந்த பிறகு எழுத நேரமே கிடைக்கவில்லை. வேலை அப்படி. தப்பாக நினைக்காதே.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தீவனக் கம்பெனி எருமைகளுக்கு ஒரு புதுத் தூள் கொண்டுவருகிறது. என்சைம் தூள். வைக்கோலில் இருக்கும் நார் முழுவதும் எருமைக்குச் செரிப்பதில்லை, ஒரு பங்கு சாணியாகவே போய்விடுகிறது. இந்தத் தூளைத் தீவனத்தில் கலந்துகொடுத்தால் நார் சுலபமாக உடையும், அதே தீனிக்குப் பால் கூடும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. கொட்டகை கொட்டகையாகக் கொடுத்துப் பார்த்து எழுதிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. உன்னிடம் கறவையில் ஆறு இருக்கின்றன அல்லவா? சரி என்றால் தூள் அனுப்புகிறேன். உனக்குச் செலவு ஒன்றும் இல்லை.

எருமைகள் தீனி நன்றாகத் தின்கின்றனவா? தண்ணீர் குடிக்கின்றனவா? எதுவும் ஒதுங்கி நிற்கிறதா? எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல்.

தபால்காரர் கூப்பிட்டதும் மின்சாரக் கட்டணம் என்று நினைத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துதான் பிரித்தேன். பிரித்தால் எருமை நலம் விசாரித்திருக்கிறாய். பரவாயில்லை, யாரையாவது விசாரித்தாயே.

தூளை அனுப்பு. பல் போனவளுக்குத் தின்பதை நறுக்கிக் கொடுப்பது மாதிரி என்று புரிந்துகொண்டேன். ஆனால் எருமை வாங்கும் முன்னே நெய் விலை பேசாதே. இங்கே பால் குறைந்து கிடக்கிறது. உன் அத்தான் கைக்குப் பழகியவை, என் கைக்குச் சுரக்க மாட்டேன் என்கின்றன. மூளி இருக்கிறாளே, ஒற்றைக் காது அறுந்தவள், அவள் பக்கத்திலேயே விடுவதில்லை. கறக்கிறது உழக்குப் பால், உதைக்கிறது பல்லுப் போக. சீமாட்டியும் கோணக்கொம்பியும் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறார்கள். மற்ற மூன்றும் பேருக்குத்தான்.

தின்கின்றன. குடிக்கின்றன. மூளி மட்டும் ஒதுங்கித்தான் நிற்கிறாள்.

இதற்குப் பதில் போடுவாய் அல்லவா?

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று கடிதத்தில் தெரிந்தது, சந்தோஷம்.

தூள் பார்சலில் வருகிறது. மூன்று எருமைகளுக்கு மட்டும் கொடு. அவற்றின் கொம்பில் பெயின்ட் தடவி அடையாளம் வை. மற்ற மூன்றுக்குக் கொடுக்கவே கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் பால் தூளால் கூடியதா, வேறு எதனாலாவதா என்று சொல்ல முடியும். தீவனத்தைத் தண்ணீர் தெளித்துப் பிசறி அதில் கலக்க வேண்டும். காய்ச்சிய தீவனத்தில் சூட்டோடு போடாதே, சூடு பட்டால் தூள் செத்துவிடும், மண்ணைப் போட்டதும் ஒன்றுதான்.

புது ஆள் கறந்தால் சுரப்பு நிற்பது எருமைகளுக்கு வழக்கம். போகப் போகச் சரியாகும்.

தீனி, தண்ணீர், சாணி, அசை போடுவது எல்லாம் கவனித்து எழுது.

உன் தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். குழந்தைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?

தூள் வந்தது. புளித்த வாசனை. மூன்றுக்குத்தான் கொடுக்க உட்கார்ந்தேன். கொம்பில் பெயின்டும் அடித்தேன். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தொட்டியிலிருந்து அழுமூஞ்சி கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள், பேரே அதனால்தான். ஆனால் ஒரே கொட்டகையில் பந்தி வஞ்சனை செய்ய எனக்கு வராது. ஆறுக்கும் கொடுத்துவிட்டேன். தினமும் ஆறுக்கும். அதனால் நீ கொடுத்த தூள் பாதி நாளிலேயே தீர்ந்துவிட்டது. பால் கொஞ்சம் கூடியது போலத்தான் இருந்தது. சாணி இறுகலாகப் போடுகின்றன. மூளி இன்னும் எனக்குக் கறக்கவில்லை.

கொழுந்தனார் வந்திருந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "ஒத்தையா எத்தனை நாளைக்கு அண்ணி இழுப்பீங்க?" என்றார். நான் உட்கார்ந்து தீவனம் பிசறிக்கொண்டிருந்தேன். போகும்போது வாசலில் தன் வீட்டுக்காரியிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்து உரக்கவே சொன்னார்: "எரும மேல மழ பேஞ்ச மாதிரி உக்காந்திருக்கா பாரு." எருமைக்கு மழை தெரியும், தம்பி. நகர்ந்து எங்கே போவது என்றுதான் தெரியாது.

உடனே எழுது.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்.

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆறுக்கும் கொடுத்தால் எதோடு எதை ஒப்பிடுவது? இது விருந்து இல்லை, அக்கா, சோதனை. மேலதிகாரியிடம் என்ன சொல்வேன்? அவர் நல்ல மனிதர் இல்லை. இந்தச் சோதனை ஒழுங்காக முடிந்தால்தான் என்னை இந்தப் பிரிவில் வைத்திருப்பார்.

புதிதாகத் தூள் அனுப்புகிறேன். தயவுசெய்து மூன்றுக்கு மட்டும். அழுமூஞ்சி பார்த்தால் நீ வேறு பக்கம் திரும்பிக்கொள். மாதாமாதம் எழுது, நானும் தவறாமல் பதில் போடுகிறேன். இந்த ஒரு சோதனையை மட்டும் எனக்காகச் செய்துகொடு.

உன் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஆறு எருமைகளும் நலம். நானும்தான்.

நீ சொன்ன மாதிரியே மூன்றுக்கு மட்டும் கொடுக்கிறேன். தூள் தின்னும் சீமாட்டி, கோணக்கொம்பி, மூளி மூவருக்கும் பால் ஏறிவிட்டது, வேளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் கூடுதல். தின்னாத மூன்றும் பழையபடிதான். மூளி இப்போது என் கைக்கு நன்றாகச் சுரக்கிறாள். உதைப்பதே இல்லை. தொட்டியில் தீனி மீதி வைப்பதில்லை. நன்றாக அசை போடுகின்றன. பால் கெட்டியாக இருக்கிறது என்று பால் வண்டிக்காரர் சொன்னார்.

வெயில் அதிகம். கொட்டகையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன்.

பதில் எப்போது வரும்? உன் குழந்தை என்ன பேசுகிறது, அதையும் எழுது.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ என் வயிற்றில் பால் வார்த்தாய்.

உன் கடிதத்தைக் கூட்டத்திலேயே படித்துக் காட்டினேன். இதுவரை வந்ததில் உன் கொட்டகைதான் முதல். மற்ற இடங்களில் கூடியது கால் லிட்டர்கூட இல்லை. மேலதிகாரி சிரித்தே நான் பார்த்ததில்லை, அன்றைக்குச் சிரித்தார். "யாருய்யா இந்த அம்மா?" என்றார். "எங்க அக்கா சார்" என்றேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது.

குழந்தை பேச ஆரம்பித்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் "எனக்கு" என்கிறாள், அது ஒன்றுதான் தெரியும். முன்பல் இரண்டு முளைத்திருக்கின்றன. வீட்டுக்காரிக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. சாயங்காலம் அடுப்பு மூட்டியதும் எல்லா வீட்டுப் புகையும் எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். இதையெல்லாம் உனக்கு நான் எழுதியதே இல்லை என்று எழுதும்போதுதான் தோன்றுகிறது.

புது மூட்டைத் தூள் அனுப்பியிருக்கிறேன். இதையே தொடர்ந்து கொடு. மூளியைத் தட்டிக்கொடுத்தேன் என்று சொல்.

உன் தம்பி


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இந்தக் கடிதம் கண்டதும் தூள் கொடுப்பதை நிறுத்து. கடைசியாக அனுப்பிய மூட்டையில் கோளாறு. கலக்கும் எந்திரத்தில் அளவு தவறி, இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு வீரியமாக இறங்கிவிட்டது. தின்ற இடத்திலெல்லாம் எருமைகள் தீனியை மறுக்கின்றன. தண்ணீராகக் கழிகின்றன. பால் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. ஓரிடத்தில் ஒன்று படுத்தது எழுந்திருக்கவில்லை.

ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு தூக்கம் இல்லை. உன்னுடையவை எப்படி இருக்கின்றன? மறைக்காமல் எழுது. ஏதாவது ஆகியிருந்தால் அது என் கையால் ஆனது.

உன் தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

பதறாதே. வேளைக்குச் சாப்பிடு. அலைச்சலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

இங்கே ஒன்றும் ஆகவில்லை. ஆறும் நலம். கழிச்சல் இல்லை, தீனி மறுப்பு இல்லை. பால் குறையவில்லை. நீ சொன்னபடி தூளை நிறுத்திவிட்டேன்.

செத்துப்போன எருமை யாருடையது? அவர்களுக்கு வேறு எருமை இருக்கிறதா?

அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை.

செத்தது ஓர் அம்மாளுடையது. அவருக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். புருஷன் இல்லை. எருமையைப் புதைத்த இடத்தைக் காட்டி, "தூளுன்னு குடுத்தீங்களே, நல்லா தின்னுச்சு தம்பி, ஆசையா தின்னுச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது கேள். உன் கடிதத்தை மேலதிகாரி என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அதே மூட்டை, உங்க அக்கா வீட்டுல ஒரு கொறையும் இல்ல. அப்ப தூள்ல தப்பில்ல, இவங்களுக்கு மாடு வளக்கத் தெரியல" என்கிறார். உன் கொட்டகை ஒன்றை வைத்தே எல்லோருக்கும் கையை விரிக்கப் போகிறார்கள். அந்த அம்மாளுக்கும்தான். உன்னிடம் எழுத்தில் சாட்சி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு எங்கேயோ உதைக்கிறது. எந்தக் கொட்டகையும் தப்பவில்லை. உன்னுடையது மட்டும் எப்படித் தப்பியது? அந்தத் தூளை எதில் கலந்தாய், எவ்வளவு கலந்தாய்? உள்ளதைச் சொல், அக்கா.

உன் தம்பி


ஜூலை 22

தம்பி,

என் எருமைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தின்றால்தானே ஆகும்.

எருமைகள் இல்லை. ஏப்ரலிலேயே கொழுந்தனார் வண்டி கொண்டுவந்து ஆறையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கேட்ட விலைக்குக் கொடுத்தேன், பேரம் பேசவில்லை. நீ முதலில் அனுப்பியது மட்டும்தான் அவை தின்றது. பிறகு நான் எழுதிய பால் எல்லாம் நானே எழுதிய பால். உன் மூட்டைகள் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் இருக்கின்றன. அந்த அம்மாளின் எருமைக்கு எதிராக என் எருமைகள் சாட்சி சொல்லக் கூடாது. இந்தக் கடிதத்தை அப்படியே உன் மேலதிகாரியிடம் கொடு. உன் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்த பிறகும் இதைத்தான் எழுத முடிகிறது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். உன் அத்தான் காரியத்துக்கு நீ காலையில் வந்து சாயங்கால வண்டிக்குப் போனாய். நடுவில் நாலு தடவை மணி பார்த்தாய். எப்படிப் போனார் என்று கேட்கவில்லை. பிறகு ஒரு வரி இல்லை. பிப்ரவரியில் எழுதி, தின்கிறதா, குடிக்கிறதா, ஒதுங்கி நிற்கிறதா என்று எருமைகளைக் கேட்டாய். என்னிடம் அதை யாருமே கேட்கவில்லை. எருமைகளையாவது கேட்கிறானே என்றுதான் பதில் போட்டேன். அவை போய்விட்டன என்று எழுதினால் நீ யாரைக் கேட்பாய்?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சாயங்காலக் கறவை. அவர் மூளியிடம் உட்கார்ந்திருந்தார். பால் செம்பில் விழும் சத்தம் நின்றது. நான் தீவனம் பிசறிக்கொண்டிருந்தேன், கறந்து முடித்துவிட்டார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் முக்காலியில் உட்கார்ந்தபடியே அவள் வயிற்றில் தலையைச் சாய்த்திருந்தார். ஈ உட்கார்ந்தால்கூட உதைக்கிறவள், அவர் விழுந்துவிடாமல் இருக்க அசையாமல் நின்றாள். நான் தூக்கி எடுக்கும்வரை நின்றாள். அதற்குப் பிறகு அவள் யாருக்கும் கறக்கவில்லை. எனக்கும் எதுவும் வரவில்லை, அழுகை, பசி, எதுவும். மரத்துப்போய்விட்டது. கொழுந்தனார் வண்டியில் ஏற்றும்போது மூளி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கோபம் இருந்தால் அதையாவது எழுது.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். குழந்தைக்கு என் முத்தம். வீட்டுக்காரியை முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல், தள்ளிப்போட வேண்டாம்.

ஆகஸ்ட் முழுக்க வாசலைப் பார்த்திருந்தேன். தபால்காரர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது வேகமாக நடக்கப் பழகிக்கொண்டார். சரி, இனி இல்லை என்று விட்டுவிட்டேன். திடுதிப்பென்று நீயே வந்து நின்றாய், துணிப்பையோடு. வந்ததும் கொட்டகைக்குப் போனாய். வெறும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். "நாந்தான் கேக்காம விட்டுட்டேன்க்கா" என்று சொல்லி அழுதாய். "கேட்டா மட்டும் எந்திரிச்சு வந்துருவாரா, வா சாப்பிடலாம்" என்றேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாய். என்னால் அதுதான் முடிந்தது.

அந்த அம்மாளுக்குக் கம்பெனி எருமை வாங்கிக்கொடுத்ததாக நீ சொன்னது நிம்மதி. உன்னைக் கிடங்கில் மூட்டை இறக்கும் இடத்துக்கு மாற்றியதை மூன்றாம் நாள்தான் சொன்னாய், அதுவும் சிரித்துக்கொண்டே. "மூட்ட கேள்வி கேக்காதுக்கா" என்றாய். என் பொய்யால் வந்த வினை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்: தப்புத்தான்.

நாலு நாள் இருந்தாய். நாம் அதிகம் பேசவும் இல்லை. நீ கூரையில் ஓடு மாற்றினாய். கீழே நின்று எடுத்துக்கொடுத்தேன். இனி உன் கம்பெனிக்கு என் வீட்டில் வேலை இல்லை, எனக்கும் உனக்கு எழுதிக்கொடுக்கக் கணக்கு இல்லை. வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தேன். அவர் போன புதிதில் இப்படி எடுத்துவிடுவேன், பிறகு நின்றுபோய்விட்டது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டதா என்று பார்த்தேன். இது அவருக்கு எடுத்த தட்டு இல்லை. உனக்கு எடுத்தது. அப்போதுதான் அழுகை வந்தது. அவருக்கு வராமல் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. சோறு ஆறிப்போகும்வரை அழுதேன். பிறகு சாப்பிட்டேன், பசித்தது. இரண்டு தட்டையும் கழுவி வைத்தேன்.

எழுது.

அக்கா